கம்பெனி பஸ் போன பிறகு

விடிகாலை ஐந்து மணிக்கு ஓசூரைச் சுற்றியுள்ள சூளகிரி, பாகலூர், கெலமங்கலம் சாலைகளில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தின் அருகே பத்து நிமிடம் நின்றால் போதும். யார் வீட்டில் எத்தனை பேர், இந்த வாரம் யாருக்கு நைட் ஷிப்ட், வீட்டில் மிஞ்சுவது கண் தெரியாத மாமியாரா, யாருமே இல்லையா என்பதெல்லாம் பேச்சுவாக்கில் காதில் விழுந்துவிடும். ராகியும் அவரையும் மட்டுமே பிழைப்பாக இருந்த காலத்தில் வீட்டைப் பூட்டிப் போவதே அபூர்வம். திண்ணையில் ஒரு பாட்டி இருப்பார். இன்று புருஷனும் பெண்டாட்டியும் சிப்காட் தொழிற்பேட்டையில். பூட்டு புதுசு. சாவி வைக்கும் இடம் மட்டும் தாத்தா காலத்தது: நிலைப்படி மேலே, இல்லையென்றால் துளசி மாடத்துப் பிறையில்.

பூட்டிய வீட்டில் திருட்டு என்றதும் நம் மனசு எல்லை தாண்டி வந்தவனை, இந்தி பேசுகிறவனைத் தேடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையோர வீடுகளைக் குறிவைத்து லாரியில் வந்த பவாரியா கும்பலை யாரும் மறக்கவில்லை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடக்கே போய் அந்தக் கும்பலைப் பிடித்தது. படமாகவும் வந்துவிட்டதால் அந்த அச்சம் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. ஆனால் 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் மூன்று பேரும், 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதியும் கொலையுண்டு கிடந்தார்களே, அந்த வழக்குகளில் கைதானவர்கள் யார்? அதே கொங்குப் பகுதியில் தென்னை மரம் ஏறிப் பிழைத்தவர்கள் என்றது காவல்துறை. திருடிய நகையை உருக்கித் தந்ததாக ஒரு நகைத் தொழில் செய்பவரும் உடன் கைதானார். வந்தவர் பேசும் பாஷையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கேட்கும் கேள்வி காதில் விழாது. "ஐயா எத்தனை மணிக்கு வருவாரு?", "பின்னாடி வழி இருக்குங்களா?" என்று தேவையில்லாமல் விசாரிப்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் கவனிக்க வேண்டியவர்தான்.

தோட்டத்து வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கடப்பாரை, ஏணி, மண்வெட்டி எல்லாம் வாசலிலேயே சாத்தியிருக்கும். திருட வருபவன் கருவி சுமந்து வர வேண்டியதே இல்லை. இரவில் அவற்றை உள்ளே எடுத்து வைப்பதற்குக் காசு செலவில்லை. முன்கதவுக்குத் தேக்கு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவுக்குத் தகரமும் துருப்பிடித்த நாதாங்கியும் வைத்திருப்பவர்கள், அடுத்த செலவை அங்கே செய்யலாம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் விளக்கை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் மாட்டுங்கள். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் இரவு ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் திருப்பதி படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நகையை பேங்க் லாக்கரில் வைத்தால் பேங்கே கொள்ளை போனால் என்ன கதி என்று கேட்பவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், கொள்ளை, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றில் லாக்கர் வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இருபது பவுனுக்கு அது பற்றாது என்பதும் உண்மைதான்.

எல்லையோரம் வாழ்வதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. பைக்கில் சில நிமிடம். 2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலை முத்தூட் பைனான்ஸ் கிளையில் துப்பாக்கியோடு புகுந்த கும்பல் ஏறக்குறைய 25 கிலோ நகையோடு மாநிலம் தாண்டியது. நகையோடு இருந்த ஜி.பி.எஸ். கருவி காட்டிக்கொடுத்ததால் மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டார்கள். நம் வீட்டு பீரோவில் ஜி.பி.எஸ். இல்லை. நமக்கு இருப்பது சட்டத்தின் வேறொரு வசதி. எந்த இடத்தில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். "அது கர்நாடகா, ஆனேக்கல் லிமிட், அங்க போங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. இன்னொன்று: உங்கள் ஊரில் செல்போன் கர்நாடக டவரைப் பிடிக்கும் என்றால் அவசர அழைப்பு அந்தப் பக்கம் போய்விடக்கூடும். ஆகவே உங்கள் காவல் நிலையத்தின் நேரடி எண்ணைக் காலண்டருக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

திருட்டு நடந்த வீட்டில் நாம் முதலில் செய்யும் தவறு, கலைந்த துணியை மடித்து வைத்து வாசல் பெருக்கிவிடுவது. கைரேகை அதோடு போயிற்று. எதையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அது புகார் வாங்கியதற்கான அத்தாட்சிதான், வழக்கு அல்ல. வீடு புகுந்த திருட்டுக்கு எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்பது லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி கட்டாயம். நகல் இலவசம். எப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகார். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது போலீசின் கடமை.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: முதல்முறை திருடியவன், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் என்றால் புதிய தண்டனைச் சட்டம் லேசாகப் பார்க்கிறது. போர்வெல் கேபிள் திருட்டுப் புகார்கள் அதில் சிக்கிக்கொள்ளும். ஆனால் குடியிருக்கும் வீட்டிலோ பொருள் வைக்கும் கட்டடத்திலோ திருடினால் ஏழாண்டு வரை சிறை. இரவில் பூட்டை உடைத்துத் திருடினால் பதினான்கு ஆண்டு வரை போகும். ஆகவே மோட்டார் ரூம் பூட்டு உடைந்திருந்தால் "கேபிள் காணோம்" என்று மட்டும் எழுதாமல், உடைத்ததையும் நேரத்தையும் எழுதுங்கள்.

நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படமெடுத்து, பட்டியலிட்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று சுந்தர்பாய் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அப்போது அது உங்கள் நகை என்று காட்ட பில், எடை, எழுத்தும் எண்ணும் கலந்த ஹால்மார்க்கின் ஆறு இலக்கக் குறியீடு, நகை போட்டெடுத்த கல்யாண போட்டோ எல்லாம் உதவும். இவற்றைச் செல்போனில் படமெடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

திருடன் கையில் சிக்கிவிட்டால்? இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கத் தற்காப்புச் சட்டம் நிறையவே இடம் கொடுக்கிறது. அவன் அடங்கிய பிறகு அந்த உரிமை முடிந்தது. பொதுமக்கள் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்குள் புளியமரத்தில் கட்டி ஊரே அடித்து, அவன் ஆஸ்பத்திரிக்குப் போனால், அடுத்த எப்.ஐ.ஆரில் இருப்பது உங்கள் தெருக்காரர்களின் பெயர்கள்.