உண்ண மறுப்பது பிடிவாதம் அன்று

திருமலையில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நித்திய அன்னதானம் இன்றும் நாள்தோறும் பல்லாயிரவர் பசியைத் தீர்த்து வருகிறது. வந்தவரை உண்ண வைத்து அனுப்புவதே அறமெனக் கருதும் இவ்வட்டாரத்தில், நிறைந்த தட்டின் முன் அமர்ந்தும் உண்ண இயலாது தவிக்கும் பிள்ளையைப் புரிந்துகொள்வது பெற்றோருக்கு எளிதன்று. "அடம் பிடிக்கிறாள்", "பரீட்சைப் பயம், தானே சரியாகிவிடும்" என்ற சொற்களிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. உண்மையில் இது மருத்துவ உதவி தேவைப்படும் நோயாக இருக்கக்கூடும்.

உண்ணுதல் கோளாறுகள் பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டுகின்றன. உடல் மெலிந்த பின்னரும் எடை கூடிவிடுமோ என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்டு, பின் தாமே வாந்தியெடுப்பது போன்ற வழிகளால் அதை ஈடுசெய்ய முயல்வது புலிமியா. பெண் பிள்ளைகளிடம் இவை மிகுதியாகக் காணப்படினும் ஆண் பிள்ளைகளும் விலக்கல்லர்.

இவை மேலைநாட்டு நோய்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. சித்தூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. உண்ணுதல் கோளாறு உடையோராக அவர்கள் கண்டறிந்த 41 இளையோருள் அனோரெக்சியா இருந்தது சுமார் 15 விழுக்காட்டினருக்கே. ஏனைய 85 விழுக்காட்டினரிடம் கண்டது, உடற்காரணம் இன்றி மன அழுத்தத்தால் எழும் வாந்தி. நம் பிள்ளைகளிடம் இத்துன்பம் "குண்டாகிவிடுவேன்" என்ற அச்சமாகவே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. வயிற்றுக் கோளாறு போலவும் தோன்றலாம் என்பதை இது காட்டுகிறது. வயிற்றுக்கு மருந்துண்டும், சோதனைகளில் குறையேதும் தென்படாமலும் வாந்தி தொடருமாயின், மனநல மருத்துவரின் கருத்தையும் கேட்பது நலம்.

நாம் கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு. குடும்பத்தாருடன் உண்பதைத் தவிர்த்தல், உண்டவுடன் குளியலறைக்குச் செல்லுதல், விரதங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்குதல், தலைமுடி உதிர்தல், எப்போதும் குளிர்வதாகக் கூறுதல், மாதவிடாய் நின்றுபோதல் ஆகியன அவற்றுட் சில. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, விரைந்த எடை இழப்பு ஆகியவை இருப்பின் காத்திராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். நெடுநாள் உண்ணாதிருந்த பிள்ளைக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்தே. உணவின் அளவை மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

மருத்துவத்தில் பெற்றோரின் பங்கு பெரிது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல் துணைவர்களாக்குகிறது. முதற்கட்டத்தில் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பவற்றைப் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் உடனமர்ந்து உண்ணச் செய்கின்றனர். உடல் தேறத் தேற அப்பொறுப்பு பிள்ளையிடமே திரும்புகிறது. நோயையும் பிள்ளையையும் வேறுவேறாகக் காண்பது இம்முறையின் உயிர்நாடி. ஆதலின் உணவு வேளையில் கடிந்துரைத்தல், உறவினர் முன் எடையைப் பற்றிப் பேசுதல், உடன்பிறந்தாரோடு ஒப்பிடுதல் ஆகியவற்றை அறவே தவிர்ப்போம்.

விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோர் நாள்தோறும் காண்பதற்கில்லை. மதிப்பெண்ணை விசாரிக்கும் தொலைபேசி அழைப்பிலேயே உணவையும் உறக்கத்தையும் விசாரிப்போம். உணவுக்கூடத்திற்கு வராத மாணவரைக் குறித்துக் காப்பாளர் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்வோம்.

செலவை எண்ணித் தயங்குவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. தங்கள் குடும்பக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, பிள்ளையின் பெயர் அதில் உள்ளதா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, மருத்துவமனையில் சேராமல் பெறும் ஆலோசனைக்கும் பணம் கிடைக்குமா என இன்றே பார்த்து வைப்பது நன்று.

எங்கே தொடங்குவது என்று தெரியாதோர், ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். திருப்பதி ருயா அரசு பொது மருத்துவமனையை நாடலாம். வேலூரும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. காலத்தே கண்டறிந்து சிகிச்சை அளித்தால், இந்நோயிலிருந்து பிள்ளைகள் மீண்டு வருவது இயலும். அதற்குப் பெற்றோர் இன்றே செய்யக்கூடியது, வீட்டில் ஒரு வேளையேனும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, தேர்வையும் எடையையும் பேசாமல் உண்பது.