பிறர் கட்டிய உலகில் – 9: காலி எண்ணைத் தேடும் மந்திரம்

சென்ற வாரம் பார்த்த பஸ் மோட்களில், அதாவது ரசிகர்கள் விளையாட்டில் செய்து சேர்க்கும் மாற்றங்களில், பெரிய வம்பு எதுவும் வருவதில்லை. 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் ஓடும் வண்டிக்கு நம்மூர் அரசுப் பேருந்தின் நிறத்தைப் பூசினால், மாறுவது அந்த வண்டியின் தோற்றம் மட்டும்தான். எதிரே வரும் லாரிக்கு அது தெரிய வேண்டியதில்லை. மந்திரம் அப்படியல்ல. மாயாஜால விளையாட்டு ஒன்றில் புதிய மந்திரத்தைச் சேர்த்தால், அதை விற்கும் கடைக்காரர், கற்கும் மந்திரவாதி, எதிர்த்து நிற்கும் பகைவன், அதை முறிக்க வேண்டிய இன்னொரு மந்திரம் என எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். யாராவது ஒருவருக்குத் தெரியாமல் போனாலும் ஆட்டம் கெடும்.

இதற்கு 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போல நல்ல பாடம் வேறில்லை. பயோவேர் நிறுவனம் அதன் முதல் பாகத்தை 1998-இலும் இரண்டாம் பாகத்தை 2000-இலும் வெளியிட்டது. இன்றுவரை ரசிகர்கள் அதற்கு மோட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மந்திரமும் ஒரு கோப்பு. கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. தீப்பந்து மந்திரத்தின் கோப்பு 304 என்று முடியும்: மூன்றாம் படி, நான்காவது மந்திரம். பகைவர்களை இயக்கும் நிரல்களுக்குள் அதே மந்திரம் 2304 என்ற எண்ணாக நிற்கும். முன்னால் உள்ள 2, இது மந்திரவாதிக்கு உரியது, பூசாரிக்கு உரியதல்ல என்று சொல்கிறது.

விளையாட்டைச் செய்தவர்கள் நடுநடுவே சில எண்களை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். தொடக்ககால மோட் எழுத்தாளர்கள் அவற்றில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். தனியாகப் போட்டால் ஒவ்வொரு மோடும் ஒழுங்காக ஓடும். ஒரே எண்ணை எடுத்த இரண்டு மோட்கள் ஒரே கணினிக்கு வரும்போதுதான் சிக்கல். மாற்றிய கோப்புகள் எல்லாம் 'ஓவர்ரைடு' என்ற ஒரே கோப்புறைக்குள் போகின்றன. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அங்கே இருக்க முடியாது. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கை வராது. முதல் மோடில் அது காப்புச் சுவர், இரண்டாவதில் பேயை அழைக்கும் மந்திரம் என்று வைத்துக்கொள்வோம். தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய மந்திரவாதி இப்போது பேயை அழைத்துக்கொண்டு நிற்பான். விளையாடுகிறவர் முதல் மோட் எழுதியவரிடம் முறையிடுவார். அவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

எல்லோரும் புழங்கும் ஒன்றில் புதிதாக ஏதாவது சேர்ப்பதன் கஷ்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வீரமாமுனிவர் நினைவுக்கு வருவார். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பணியாற்றிய சேசு சபைத் துறவிகளில் அவரும் ஒருவர். எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது தொல்காப்பியம். ஓலையில் எழுதியவர்கள் நாளடைவில் புள்ளியைக் கைவிட்டார்கள். குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவர் நெடிலுக்கு மட்டும் தனி அடையாளம் தந்தார். கொம்பின் நுனியைச் சுழித்தார். இருந்த வடிவம் குறிலுக்கு நின்றது. வேறு வேலையில் இருந்த எந்த எழுத்தின் இடத்தையும் அவர் பறிக்கவில்லை. அந்த மாற்றம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனாலும் அதற்கு முந்தைய ஓலையைப் புதிய கண்ணோடு படித்தால் நெடிலெல்லாம் குறிலாகிவிடும். எழுதிய காலத்து வழக்கம் தெரிந்துதான் அதைப் படிக்க வேண்டும்.

மோட் உலகில் இடம் பறிக்காமல் சேர்க்கும் வழியைக் காட்டியது 'வெய்டியூ' என்ற கருவி. வெஸ்ட்லி வைமர் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 2000-களின் தொடக்கத்தில் எழுதியது. அதற்கு முன்பு வசனங்கள் அடங்கிய பெரிய கோப்பை முழுசாகவே மாற்றித் தருவார்கள். ஒரு மோட் போட்டால் மற்றதன் வசனம் போய்விடும். வெய்டியூ புதிய வசனங்களைக் கடைசியில் சேர்த்து, அடுத்த எண்ணைக் கொடுத்தது. பின்னர் மந்திரங்களுக்கும் அதே முறை வந்தது. மோட் எழுதுகிறவர் எண்ணைச் சொல்ல வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயர் விளையாட்டின் மந்திரப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் அதே இடம். இல்லையென்றால் அந்தக் கணினியில் காலியாக உள்ள எண். ஒரு படிக்கு 50 மந்திரங்கள்தான் எல்லை.

இதனால் ஒரே மந்திரத்துக்கு உங்கள் கணினியில் ஓர் எண், என் கணினியில் வேறோர் எண். பகைவர்களின் நிரலில் இருப்பதோ பெயரல்ல, எண். ஆகவே எண் கிடைத்த பிறகே நிரலைத் தொகுக்க வேண்டும். பகைவர்களின் புத்தியைக் கூர்மையாக்கும் 'ஸ்வோர்டு கோஸ்ட் ஸ்ட்ராட்டஜம்ஸ்' மோடைக் கடைசிப் பக்கமாக நிறுவச் சொல்வது இதனால்தான். அதற்குள் வந்துசேர்ந்த மந்திரங்களைப் பார்த்துத்தான் அது நிரல் எழுதும்.

எண் தகராறு தீர்ந்தும் தீராத ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் ஆட்டத்தின் உயிரைத் தொடுவது. 'பிரீச்' என்றொரு ஐந்தாம் படி மந்திரம். எதிரியின் மேலுள்ள காப்புகளைக் களைவது. எவற்றைக் களைய வேண்டும் என்று அது பெயர் பெயராகத் தேடுவதில்லை. ஒவ்வொரு மந்திரத்தின் கோப்பிலும் 'போர்க் காப்பு', 'குறிப்பிட்ட காப்பு' என்று வகை குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதைத்தான் பார்க்கிறது. புதிய கவச மந்திரம் எழுதியவர் ஒளியும் ஓசையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், பிரீச்சால் களையவே முடியாத கவசம் பிறந்துவிடும். அதை அணிந்த எதிரியிடம் உங்கள் மந்திரவாதி பிரீச்சை வீணாக்கிக்கொண்டே இருப்பார். பார்ப்பவர்களுக்கு அது வலிமையான மந்திரம். உண்மையில் அது நிரப்பாத ஒரு கட்டம்.

2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டு எண் மோதலுக்கு முன்கூட்டியே வழி செய்தது. ஒவ்வொரு பொருளின் எண்ணும் அது எந்த மோடிலிருந்து வந்தது என்று சொல்லித் தொடங்கும். ஆனால் மந்திர நூல்களை விற்கும் கடைக்காரரின் பட்டியல் ஒன்றுதான். இரண்டு மோட்கள் அதைத் திருத்தினால் கடைசியாக வந்தது மட்டும் நிற்கும். முதல் மோடின் நூல்கள் கடைக்கே வராது. 'ரை பாஷ்' போன்ற கருவிகள் இரண்டு பட்டியலையும் இணைத்துத் தருகின்றன.

மீண்டும் பால்டர்ஸ் கேட்டுக்கு வருவோம். நடுவில் போட்ட ஒரு மோடை எடுக்கச் சொன்னால், வெய்டியூ அதற்குப் பின் வந்தவற்றையெல்லாம் வரிசையாகக் கழற்றி, அதை எடுத்துவிட்டு, மற்றவற்றைத் திரும்ப மாட்டும். அப்போது காலியான எண் வேறொரு மந்திரத்துக்குப் போகலாம். ஆனால் சேமித்து வைத்த ஆட்டம் பழைய கோப்புப் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் திறந்தால், அரும்பாடுபட்டு மந்திரம் கற்ற பாத்திரத்தின் புத்தகத்தில் அவர் கற்காத மந்திரம் இருக்கும். அல்லது ஒன்றுமே இருக்காது. மோட் வரிசையை மாற்றினால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குங்கள் என்று பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வது இதை வைத்துத்தான்.

(தொடரும்)