புன்னையும் சவுக்கும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இச்சிறு தொலைவிற்குள் நிலம் மும்முறை மாறிவிடுகிறது. தொடக்கத்தில் செம்மண்ணும் சரளையும். நடுவே ஏரிப் பாசன வயல்களின் களிமண். இறுதியில் காலடியில் நழுவும் கடல் மணல். முதலிரண்டு நிலங்களில் தோட்டம் அமைப்போர்க்கு மரத்திற்குப் பஞ்சமில்லை. வேம்பு, புங்கு, நெல்லி என எதையும் நடலாம். கடலை அடுத்த மணலில் வீடோ பள்ளியோ எழுப்பியவர்க்கே தொல்லை. அங்கே உப்புக் காற்று தளிரைக் கருக்குகிறது; மணல் தண்ணீரைத் தங்க விடுவதில்லை; ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வருகிறது. இத்தகைய இடத்தில் ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கவல்ல மரங்களுள் புன்னையும் சவுக்கும் முதன்மையானவை. இவற்றுள் எதை நடுவது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று மாணவர் பலர் எழுதுகின்றனர். அது பிழை. இலை உதிராத மரம் உலகில் இல்லை. பூவரசம் இலையைப் போலவே புன்னை இலையும் முதிர்ந்து வீழ்கிறது. ஆனால் எல்லா இலைகளும் ஒரே பருவத்தில் வீழ்வதில்லை. பழையது கழியுமுன் புதியது வந்துவிடுகிறது. ஆகவே, இம்மரங்களின் அடியில் ஆண்டு முழுவதும் துடைப்பத்துக்கு வேலை உண்டு என்பதைத் தோட்டம் போடுவோர் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

உப்புக் காற்று என்னும் ஒரே பகையை இவ்விரு மரங்களும் வெவ்வேறு வழியில் எதிர்க்கின்றன. புன்னையின் வழி கவசம் அணிவது. அதன் இலை தடித்தது, தோல் போன்றது, மேற்புறம் மெழுகு பூசியதுபோல் மின்னுவது. நடுநரம்பின் இருபுறமும் மயிரிழை போன்ற நரம்புகள் இணையாக நெருங்கி ஓடும். லின்னேயஸ் 1753இல் இதற்கு வழங்கிய காலோபில்லம் என்னும் கிரேக்கப் பெயருக்கு அழகிய இலை என்பதே பொருள். சவுக்கின் வழியோ, இலையையே ஏறக்குறைய துறந்துவிடுவது. நாம் சவுக்கு இலை என்று கருதும் பச்சை ஊசி, உண்மையில் கணுக்களையுடைய மெல்லிய கிளையாகும். அதை இழுத்தால் கணுவில் கழன்றுவிடும். மீண்டும் பொருத்தி, எங்கே கழற்றினேன் என்று கேட்பது நம் சிறுவர் விளையாட்டு. அவ்வாறு கழற்றிய கணுவை ஒரு பூதக் கண்ணாடியால் பாருங்கள். சுற்றிலும் ஆறு முதல் எட்டு வரையான நுண்ணிய பற்கள் தெரியும். அவையே சவுக்கின் இலைகள். பரப்புச் சுருங்கவே நீரிழப்பும் சுருங்குகிறது. காற்றும் கிளைகளைக் கிழிக்காமல் ஊடுருவிச் செல்கிறது.

மண்ணில் உணவின்மையையும் சவுக்கு வெல்கிறது. அதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. அவரை இனத்தாவரங்களில் இப்பணியைச் செய்வது ரைசோபியம்; சவுக்கில் செய்வது வேறோர் இனம். வெறும் மணலில் சவுக்கு எப்படி விரைந்து உயர்கிறது என்னும் வினாவுக்கு இதில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

புன்னை இம்மண்ணுக்கு உரியது. நெய்தல் நிலத்தின் மரமாகச் சங்கப் புலவர்கள் அதைப் பாடினர். மயிலைக் கபாலீச்சரத்தின் தல மரமும் அதுவே. அதன் கொட்டையிலிருந்து எடுத்த நெய் விளக்கெரிக்கவும், படகுகளின் மரத்துக்குப் பூசவும் பயன்பட்டது. (உண்ணத் தக்கதன்று, சிறுவர் நினைவிற்கொள்க.) சவுக்கோ வந்தேறி. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது சென்னை மாகாணத்துக் கடற்கரையெங்கும் அதைப் பயிரிட்டனர். எஞ்சின்கள் மறைந்தன, சவுக்கு நிலைத்துவிட்டது. பந்தற்கால், சாரக்கட்டு, காகித ஆலைக்கு மரக்கூழ் என அதற்குப் புதிய வேலைகள் கிடைத்தன.

இனி வளர்ச்சியைக் காண்போம். சவுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். ஐம்பதாண்டு நிற்பது அரிது. புன்னை அதே காலத்தில் ஆளுயரத்தைச் சற்றே தாண்டியிருக்கும். ஆனால் நூறாண்டு வாழக்கூடியது. சவுக்கின் நிழல் மெல்லியது. அதன் அடியில் தடித்துப் படியும் சருகு புல்லையும் முளைக்க விடாது. புன்னையின் நிழல் அடர்ந்தது, பூ வெண்மையும் நறுமணமும் உடையது, தேனீக்களை அழைப்பது. ஒரு வகுப்பு முழுவதும் அமர்ந்து பாடம் கேட்க ஏற்றது புன்னை நிழலே என்பது என் துணிபு.

புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையேறிய தானே புயலில் முந்திரியோடு சவுக்குத் தோப்புகளும் பெருமளவில் அழிந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா, வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்திற்று. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரையைக் கடந்தது. ஆகவே கூரைக்கு மேல் உயர்ந்த சவுக்கை வீட்டையொட்டி நிறுத்துவது அறிவுடைமையன்று. நெருங்கிய வரிசையாய் நட்டு, ஆண்டுதோறும் நுனி வெட்டி வேலியாக வைத்துக்கொண்டால் அதுவே நல்ல காற்றுத் தடுப்பாகும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின், மரவரிசை கிராமங்களைக் காக்கும் என்று கடற்கரையெங்கும் சவுக்கு நட்டனர். மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்று ஆய்வாளர் சிலர் கூறினர். அவ்வூர்களின் உயரமும் கடலிலிருந்து இருந்த தொலைவுமே காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். ஒன்று மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது: மணல்மேடுகளைச் சமன்செய்து அலையோரம்வரை சவுக்கு நடுவது தவறு. மேடுதான் முதல் அரண். மேலும், தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு வேரும் சருகும் இல்லாத திறந்த மணல் வேண்டும்.

நடும் முறைக்கு வருவோம். சவுக்கு விதை மிக நுண்ணியது. ஒரு கிலோவில் பல இலட்சம் அடங்கும். விதைத்த பாத்தியிலிருந்து எறும்பு அதைச் சுமந்து போய்விடும். ஆதலால் நாற்றாகவே வாங்குதல் எளிது. புன்னையை நீங்களே முளைக்க வைக்கலாம். கொட்டையை ஓட்டுடன் புதைத்தால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஓட்டை மெல்ல உடைத்துப் பருப்பை மட்டும் ஊன்றினால் மூன்று நான்கு வாரம் போதும். நற்றிணையின் 172ஆம் பாட்டில், சிறுமியர் மணலில் புதைத்து விளையாடி மறந்த புன்னைக் கொட்டை மரமாகிறது; தாய் அதனை மகளுக்குத் தங்கை என்கிறாள். அங்கே அதற்கு நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கின்றனர். நாம் தொழுவுரமும் தண்ணீரும் இட்டால் போதும்.

புன்னைக்கு இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழியெடுத்து, மட்கிய எருவும் ஏரி வண்டலும் மணலோடு கலந்து நிரப்புக. சுவரிலிருந்து இருபதடியேனும் விலகியிருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியே ஏற்ற காலம். முதல் இரண்டு கோடைகளில் நீர் தவறக்கூடாது. காய்க்கும் வயதில் வௌவால்கள் வந்து கொட்டைகளை முற்றமெங்கும் சிதறும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடலை நேரே நோக்கிய மனையில் இளம் புன்னைக்கும் ஒரு மறைப்பு வேண்டும். அங்கே கடற்பக்கம் இரண்டு வரிசைச் சவுக்கை மூன்றடி இடைவெளியில் முதலில் நடுக. மறு ஆண்டு அதன் பின்னால் புன்னையை வைக்க. ஏழெட்டு ஆண்டில் புன்னை தலை நிமிர்ந்து கிளை பரப்பும்போது சவுக்கை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகக் கழித்துவிடலாம். வெட்டிய அடியிலிருந்து சவுக்கு பெரும்பாலும் தழைப்பதில்லை. ஆகவே வேரைத் தோண்டும் வேலையும் இல்லை. அது மண்ணிலேயே மட்கி, அருகிலிருக்கும் புன்னைக்கு உரமாகும்.