மேல்வரிச் சட்டம்: 1 பேதுரு 2:21 பற்றிய ஒரு சிந்தனை

அன்றாட வாழ்வில் ஆண்டவரைப் பின்பற்றுதல் குறித்துப் பிரசங்கிக்கும் நாம் அடிக்கடி எடுத்தாளும் திருமறைப் பகுதிகளுள் ஒன்று 1 பேதுரு 2:21. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மாதிரி' என்றிருக்கும் சொல் கிரேக்கத்தில் 'ஹூப்போகிரம்மோஸ்' என்பதாகும். புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே இச்சொல் வருகிறது. எழுதப் பழகும் சிறுவன் பார்த்து எழுதும்படி ஆசிரியர் எழுதிக்கொடுக்கும் வரி என்பது அதன் பொருள். அலெக்சாந்திரியா கிளெமந்து இச்சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி பற்றியே கையாளுகிறார். இதனைத் தமிழில் மேல்வரிச் சட்டம் என்பர்.

மேல்வரி ஒன்றுதான், முழு நூலன்று. இயேசு தச்சராயிருந்தார், மணம் செய்யாதிருந்தார், தலைசாய்க்க இடமின்றித் திரிந்தார். இவற்றையெல்லாம் நகல் எடுக்கும்படி பேதுரு கேட்கவில்லை. 22, 23ஆம் வசனங்களில் அவர் எழுதிக் காட்டும் வரியை நோக்கின், அதன் பெரும்பகுதி நாவைப் பற்றியதாயிருப்பது விளங்கும். வாயில் வஞ்சனை இல்லை; வையப்பட்டும் வையவில்லை; பாடுபட்டும் பயமுறுத்தவில்லை. சபைக் கமிட்டியில் தம்மேல் குற்றம் சாட்டப்பட்ட இரவில், பதில் கடிதம் எழுத உட்கார்ந்த எந்த ஆயருக்கும் இவ்வரி எத்துணைக் கடினமானதென்று தெரியும். கிறிஸ்துவை முன்மாதிரியாகக் கொள்ளுமுன் அவரை ஈவாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று லூத்தர் 1522இல் வெளிவந்த தம் பிரசங்க நூலின் முகவுரையில் வற்புறுத்தியது இதனாற்றான். பேதுருவும் 24ஆம் வசனத்தில் சிலுவைக்கே வருகிறார்.

ஆயினும், இவ்வரி யாருக்கு எழுதப்பட்டது? 18ஆம் வசனத்தில் 'வேலைக்காரர்' என்று வாசிக்கும் நாம் கூலி பெறும் ஊழியரை நினைத்துக்கொள்கிறோம். மூலத்தில் உள்ளவர்கள் இல்லத்து அடிமைகள். அடிக்கிற எஜமானை விட்டுப் போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. வேறு வழியற்றிருந்தவர்களை நோக்கி, 'உங்கள் இடத்தில் ஆண்டவரும் நின்றார்' என்று பேதுரு கூறுகிறார். இது அவர்களுக்கு ஆறுதல். வழி இருப்பவர்களுக்கு அவ்வழியை அடைத்துவைக்க இதனைப் பயன்படுத்தினால் அது வேறொன்றாகிவிடுகிறது.

இதனை நான் நூலில் கற்கவில்லை. குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில், கணவன் அடித்த தழும்போடு ஒரு சகோதரி குருமனைக்கு வந்தார். நான் அவருக்கு இதே பகுதியை வாசித்து, ஜெபம் செய்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். 3ஆம் அதிகாரம் மனைவிகளை 'அந்தப்படி' என்று அழைப்பது என் வாதத்துக்குத் துணையாயிற்று. ஆறு வசனங்கள் கழித்து, மனைவியைக் கனம்பண்ணாத புருஷனுடைய ஜெபம் தடைப்படும் என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. அதனை அவர் கணவனுக்கு வாசித்துக் காட்ட நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. அச்சகோதரி பின்பு என்னிடம் வரவுமில்லை.

யோவான் 18ஆம் அதிகாரத்தை அப்பொழுது நான் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். பிரதான ஆசாரியன்முன் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவுமில்லை, வையவுமில்லை. ஆனால், தாம் பேசியதில் தவறு என்ன, தவறில்லையேல் அடித்தது ஏன் என்று அவனையே கேட்டார். பேதுரு காட்டும் வரியோடு இது முரண்படவில்லை. பழிவாங்காமையும் நியாயம் கேட்டலும் அவரிடத்தில் ஒருங்கே இருந்தன. நியாயமாய்த் தீர்ப்புச் செய்பவரிடம் அவர் தம்மை ஒப்புவித்தார் என்னும்போது, அந்த நியாயாதிபதி கண்களை மூடிக்கொண்டிருப்பவர் அல்லரே. குடும்ப வன்முறையினின்று பெண்களைப் பாதுகாக்க 2005இல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன்கீழ்ப் பாதுகாப்பு அதிகாரியை நாடும்படி ஒரு சகோதரிக்குச் சொல்லுதலும், உடன் செல்லுதலும் ஆயர் பணியே என்று இப்பொழுது கருதுகிறேன்.

அதிகாரத்தில் இருப்போருக்கு ஆண்டவர் எழுதிய வரி யோவான் 13இல், துணியும் தண்ணீருமாக இருக்கிறது. பெரிய வியாழனன்று அதனை ஆராதனையில் செய்து காட்டுகிறோம். வெள்ளிக்கிழமை காலை ஆலயத்தைப் பெருக்குகிறவரை ஒருமையில் அழைக்கிறோம்.

வகுப்பில் இந்நிருபத்தைக் கற்பிக்கும்போது, 21ஆம் வசனத்தைத் தொடுமுன் 18ஆம் வசனத்தை மாணவர் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுகிறேன். இதை யார் யாருக்குச் சொல்லுகிறார் என்று கேட்டுவிட்டுச் சற்றுநேரம் காத்திருக்கிறேன்.