பெயர் கேட்டுத் திரும்பும் காது

பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டின் மீன் கடைகளை அண்டி வளர்ந்த ஒரு பூனை. வயது மூன்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் இல்லை. அல்லது அழைப்பவருக்கு ஒரு பெயர். மீன்காரர் உருதுவில் கூப்பிடுவார், பூக்காரம்மா தமிழில் விரட்டுவார், சாமான் வாங்க வந்தவர் கன்னடத்தில் கொஞ்சுவார். ஒருநாள் அடிபட்டு, மீட்பவர்கள் கையில் சேர்ந்து, உடம்பு தேறி, அல்சூரில் ஒரு தமிழ் வீட்டுக்குத் தத்து வருகிறது. அங்கே ஏற்கெனவே மூன்று பூனைகள். நான்காவதற்கும் ஆசையாக ஒரு பெயர் வைக்கிறார்கள். குட்டிப் பருவம் தாண்டிய பூனை, அதுவும் நான்கில் ஒன்றாக வாழும் பூனை, அந்தப் பெயரைத் தனக்கானது என்று பிரித்தறியுமா?

அறியும். அறிவதற்கான காதும் மூளையும் அதனிடம் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரை அது கற்குமா என்பதைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பூனைகளைப் பற்றி அண்மைக் காலத்தில் வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது இதுதான்.

முதலில் காது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வு வரைதான் கேட்கும். பூனையின் காது 48 ஹெர்ட்ஸில் தொடங்கி 85,000 ஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது. எலிக்குஞ்சுகள் நம் காதுக்கு எட்டாத சுருதியில் கீச்சிடுவதை அது கேட்டுவிடும். காது மடலைத் தனித்தனியாகத் திருப்பி, ஒலி வரும் திசையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். நாம் பேசும் பேச்சு முழுவதும் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. ஆகவே கேட்பதில் சிக்கல் இல்லை. விதிவிலக்கு உண்டு: இரு கண்களும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பிறவியிலேயே செவிடானவை அதிகம்; முதுமையிலும் கேட்கும் திறன் குறையும். அழைத்தால் திரும்பாத பூனைக்குக் காது கேட்கிறதா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்ட சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் தாம் செய்த ஓர் எளிய சோதனையைப் பற்றி எழுதினார். பூனைகளுக்குச் சோறு வைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்வார். சில விநாடிகள் கழித்துக் கூண்டின் மேல்பக்கம் மீன் துண்டு வைப்பார். நாளடைவில், மீன் வருவதற்கு முன்பே, அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பூனைகள் கம்பி வலையில் ஏறத் தொடங்கின. பிறகு, சோறு வைக்கப்போவதில்லை என்ற இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தார். அதைச் சொன்னால் மீன் வராது. முதலில் இரண்டுக்கும் ஏறின. பல முறை நடந்த பிறகுதான் ஏற வேண்டிய ஒலி எது, ஏற வேண்டாத ஒலி எது என்று பிரித்தன. பூனைக்கு இலக்கணம் தெரியாது. ஓர் ஒலியைத் தொடர்ந்து என்ன நடக்கிறது, எது நடப்பதில்லை என்ற கணக்கு தெரியும். அந்தக் கணக்கு நிலையாக இருந்தால் மூன்று வயதில் என்ன, எட்டு வயதில்கூட அது கற்கும்.

தன் பெயரை மற்றப் பெயர்களிலிருந்து பூனை பிரிக்கிறதா என்பதை டோக்கியோ சோஃபியா பல்கலைக்கழகத்தின் அட்சுகோ சைட்டோவும் குழுவினரும் சோதித்து, 2019-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பெங்களூரு சாந்திநகர் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு அவர்கள் கையாண்ட உத்தி சட்டென்று புரியும். “ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி” என்று நடத்துநர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது நம் காதில் விழாமலே போய்விடும். “சேலம்” என்றதும் சேலத்துக்காரர் மட்டும் தலை நிமிர்வார். சைட்டோ குழு பூனைக்கு நான்கு சொற்களை இடைவெளி விட்டு ஒலிபரப்பியது. அவை பூனையின் பெயரைப் போலவே நீளமும் ஏற்ற இறக்கமும் கொண்ட சாதாரணச் சொற்கள். பூனை மெல்ல மெல்லச் சலித்து அடங்கும். ஐந்தாவதாக அதன் பெயர். அடங்கியிருந்த காது அப்போது திரும்பியது, தலை அசைந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தபோதும் இது நடந்தது.

அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. சாதாரணச் சொற்களுக்குப் பதிலாக, கூடவே வாழும் மற்றப் பூனைகளின் பெயர்கள். வீடுகளில் வாழ்ந்த பூனைகள் இங்கும் தம் பெயரைப் பிரித்தறிந்தன. ‘கேட் கஃபே’ எனப்படும் பூனை உணவகத்தில் வாழ்ந்தவை பிரிக்கவில்லை. இத்தனைக்கும் சாதாரணச் சொற்களிலிருந்து தம் பெயரைப் பிரிப்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆய்வாளர்கள் கருதும் காரணம் இது: உணவகத்துக்கு வருபவர் ஒரு பூனையை அழைப்பார், வேறொன்று வந்து உரசும், அதையும் தடவிக்கொடுப்பார். யார் பெயர் சொல்லப்பட்டாலும் யாருக்கு வேண்டுமானாலும் நன்மை கிடைக்கும் இடத்தில், தன் பெயரைத் தனியாகப் பிரிக்க ஒரு பூனைக்கு என்ன தேவை இருக்கிறது?

நான்கு பூனைகள் உள்ள வீட்டுக்கான பாடம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரு பெயரைத் தொடர்ந்து வரும் நன்மை அந்தப் பெயருக்குரிய பூனைக்கு மட்டுமே வர வேண்டும்.

புதிய பூனையைத் தொடக்கத்தில் தனி அறையில் வைப்பது நல்ல வழக்கம். மற்றப் பூனைகளின் வாசனைக்கு அது கதவுக்கு அப்பாலிருந்தே பழகும். பெயர் கற்பிக்கவும் அந்த நாட்களே தோதானவை. பெயரை ஒருமுறை தெளிவாகச் சொல்லி, உடனே ஒரு துண்டு ட்ரீட் அல்லது உப்பு, வெங்காயம், பூண்டு சேராத வேகவைத்த கோழி கொடுக்கலாம். பத்து முறை அடுக்கி அழைத்துவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால், பேருந்து நிலையக் கூவல்போலப் பெயரும் காதில் விழாத ஒலியாகிவிடும். காப்பகத்திலேயே ஒரு பெயருக்குப் பழகியிருந்தால், புதுப் பெயரை முதலில் சொல்லி, தொடர்ந்து பழைய பெயரையும் சொல்லி, பிறகு உணவு கொடுக்கலாம். சில நாட்களில் முதல் பெயரே போதுமானதாகும்.

பிறகுதான் கூட்டத்துக்குள். நான்கும் கூடியிருக்கும்போது ஒன்றின் பெயரைச் சொன்னால் அதற்கு மட்டும் உணவு. அடுத்த பெயருக்கு அடுத்தது. முந்திக்கொண்டு பாயும் பூனைக்கு அதன் பெயர் வரும்வரை எதுவும் இல்லை. தார்ண்டைக்கின் இரண்டாவது வாக்கியம் செய்த வேலையை இங்கே மற்றப் பூனைகளின் பெயர்கள் செய்கின்றன: உணவு வராத ஒலிகள் இருந்தால்தான் உணவு வரும் ஒலி துலங்கும். நம் வீடுகளில் சின்னு, மின்னு, பொன்னு என்று எதுகையாகப் பெயர் வைப்பது வழக்கம்; கேட்க இனிமைதான், ஆனால் பூனைக்குப் பாடம் கடினமாகும். எல்லாவற்றையும் ‘செல்லம்’, ‘தங்கம்’ என்றே கொஞ்சினால் அந்தச் சொல் எதையும் குறிக்காது. பாட்டி ‘வெள்ளையா’ என்றும் பிள்ளைகள் ‘ஸ்னோயி’ என்றும் வேலைக்கு வருபவர் கன்னடத்தில் ‘பெக்கே’ என்றும் அழைக்கும் வீட்டில், எல்லோரும் ஒரே பெயருக்கு ஒப்புக்கொள்வது முதல் வேலை. உச்சரிப்பு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறினால் பாதகமில்லை. மாத்திரை கொடுக்கவும் கூடைக்குள் அடைக்கவும் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

நாம் கற்பிக்காததையும் அவை கற்கின்றன. 2022-இல் சாஹோ தாகாகி தலைமையிலான ஜப்பானிய ஆய்வில், வீட்டில் கூட வாழும் ஒரு பூனையின் பெயரைச் சொந்தக்காரர் குரலில் ஒலிக்கவிட்டு, பிறகு திரையில் ஒரு பூனை முகத்தைக் காட்டினார்கள். பெயருக்குரிய முகம் வராமல் வேறு முகம் வந்தபோது வீட்டுப் பூனைகள் கூடுதல் நேரம் திரையைப் பார்த்தன. எந்தப் பெயருக்கு எந்தத் தோழன் என்று அவை எதிர்பார்த்திருந்தன. இங்கும் உணவகப் பூனைகளிடம் அந்த எதிர்பார்ப்பு தென்படவில்லை. நம் புதிய பூனைக்கு இது நல்ல செய்தி. மற்ற மூன்றும் அழைக்கப்படுவதையும் எழுந்து போவதையும் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு ஒரு வகுப்பு.

பெயர் தெரிந்த பூனை எப்போதும் ஓடி வராது. சைட்டோ குழுவின் சோதனைகளில் பூனைகளின் பதில் பெரும்பாலும் காதிலும் தலையிலும்தான் இருந்தது. குரல் கொடுத்தவை, எழுந்து வந்தவை குறைவு. வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடிய உயிரினம். தலைவன் குரலுக்குக் கூட்டமாக ஓட வேண்டிய வாழ்க்கை அதற்கு வாய்க்கவில்லை. அரை அங்குலம் திரும்பும் காதை அதன் பதிலாக ஏற்று, அந்தக் கணத்திலேயே நன்மை செய்தால், வருவதும் பின்னாலேயே வரும். வாசல் கதவு திறந்துகிடக்கும் ஒரு மாலையில் அந்தப் பழக்கம் பூனையின் உயிரையே காக்கலாம்.

பல பூனைகள் உள்ள வீட்டில் பெயர் கற்பிப்பது என்றால், ஒவ்வொன்றுக்கும் நாளில் சில நிமிடங்களையாவது வேறு எதற்கும் பங்கு போகாமல் ஒதுக்குவது. அந்த நிமிடங்கள் தவறாமல் கிடைக்கும் வீட்டில், தெருவில் வளர்ந்து, குட்டிப் பருவம் தாண்டி வந்த பூனையும் தன் பெயரைக் கற்றுக்கொள்ளும்.