சம்பளம் கேட்ட சிப்பாய்கள்

அண்மையில் 'தியாரோய் முகாம்' என்ற ஆபிரிக்கத் திரைப்படத்தைப் பார்க்கக் கிடைத்தது. செனகல் நாட்டவரான உஸ்மான் செம்பேன் இன்னொருவருடன் சேர்ந்து 1988இல் இயக்கியது. செம்பேனும் பிரெஞ்சு இராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்தான். கதை உண்மையா என்று தேடி வாசித்தேன். உண்மைதான்.

பிரான்ஸ் 1857இல் ஆரம்பித்த அந்தப் படைக்குச் செனகல் துப்பாக்கிப் படை என்று பெயர். பெயர்தான் செனகல், இன்றைய மாலி, கினி, புர்கினா பாசோ எனப் பல இடங்களிலும் ஆள் திரட்டினார்கள். ஆரம்ப காலத்தில் மனைவிமாரும் படையோடு கூடவே போய்ச் சமைத்தார்கள், துவைத்தார்கள், சுமை தூக்கினார்கள். அந்த உழைப்புக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

1940இல் பிரான்ஸ் தோற்றபோது ஆயிரக்கணக்கான ஆபிரிக்கச் சிப்பாய்கள் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார்கள். மீண்டவர்களில் சுமார் 1,300 பேர் 1944 நவம்பரில் கப்பலில் டாக்கார் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அருகிலுள்ள தியாரோய் முகாமில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது இனாம் அல்ல; சிறையிலிருந்த காலத்துச் சம்பள நிலுவை. அதைத் தராமல் ஊருக்குப் புறப்பட மாட்டோம் என்றார்கள் ஒரு பகுதியினர். ஊருக்குப் போனபின் யாரிடம் போய்க் கேட்பது? வெறுங்கையோடு வீட்டுப் படியேறுவது எப்படி?

டிசம்பர் 1ஆம் திகதி காலை முகாமைச் சுற்றிவளைத்துச் சுட்டார்கள். சுடுவதற்கு அழைத்து வரப்பட்டவர்களிலும் ஆபிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் உலுக்கியது. இறந்தோர் 35 பேர் என்றது இராணுவம். 70க்கு மேல் என்றார் 2014இல் ஜனாதிபதி ஒல்லாந்த். நூற்றுக்கணக்கில் என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். தப்பியவர்களில் 34 பேருக்குச் சிறைத்தண்டனை வேறு! இது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில்.

கதை அத்துடன் முடியவில்லை. 1959இல் வந்த ஒரு சட்டத்தால், விடுதலை பெற்ற நாடுகளின் முன்னாள் சிப்பாய்களுக்கும் அவர்களது விதவைகளுக்குமான ஓய்வூதியம் உயராமல் நிறுத்தப்பட்டது. பிரெஞ்சுக்காரருடையது மட்டும் விலைவாசியோடு ஏறிக்கொண்டே போனது. 2006இல் 'சுதேசிகள்' என்ற திரைப்படம் வெளியாகிப் பேச்சான பிறகே சமன்செய்யத் தொடங்கினார்கள். முழுமையாகச் சமனாக 2011 ஆகிவிட்டது.

அப்பா காலமான பின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தில்தான் அம்மா எங்கள் மூவரையும் வளர்த்தார். அரிசி விலை ஏறிய மாதங்களில் அம்மா கொப்பியில் கணக்கெழுதி அழித்து அழித்து எழுதுவது ஞாபகம் வருகிறது. அந்தத் தொகை ஐம்பது வருடம் அசையாமல் நின்றிருந்தால், அம்மா எதை அழித்து எதை எழுதியிருப்பார்?