தனித்து நின்ற காட்டுக்கோப்பி

இந்து சமுத்திரத்திலே, மொறீசியசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது றொட்றிகஸ் என்னுஞ் சிறு தீவு. வேறெங்கும் இயற்கையாக வளராத செடியொன்று அங்கே உண்டு. கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி, நட்சத்திரம் போன்ற வெண்மலர்களைப் பூப்பது. 'கபே மரோன்', அதாவது காட்டுக்கோப்பி, என அதனை அழைப்பர்.

காடுகள் அழிந்தமையாலும் ஆடுகள் மேய்ந்தமையாலும் அது அற்றுப்போயிற்று என்றே அறிஞர் கருதினர். ஆனால் 1980 ஆம் ஆண்டளவில், உள்ளூர்ச் செடிகளைத் தேடிவருமாறு ஆசிரியர் பணித்தபோது, மாணவன் ஒருவன் கொண்டுவந்த கிளை யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. தீவு முழுவதிலும் எஞ்சியிருந்தது அந்த ஒரேயொரு செடிதான்! செய்தி பரவியதும், மருந்துக்கென அதன் கிளைகளை மக்கள் வெட்டலாயினர், வேலியடைத்துக் காக்கவேண்டியதாயிற்று.

1986 இல் அதன் தண்டுத் துண்டுகள் இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றே வேரூன்றியது. அதுவும் பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. பல முறை முயன்ற பின்னர், 2003 இல், அங்கு பணிபுரிந்த கார்லோஸ் மக்டலேனா என்பார் தம் கையாலேயே மகரந்தஞ் சேர்த்து விதை பெற்றார். அவ்விதைகளின் வழிவந்த கன்றுகள் பின்னர் தாய்மண்ணுக்குத் திரும்பின.

ஓர் இனத்தைக் காத்தது ஒரு மாணவனின் கூரிய பார்வை. நம் வீட்டு வேலியோரத்துச் செடிகளுள் எத்தனையின் பெயரை நாம் அறிவோம்?